செல் அனுப்பும் ஆணையும் தோல் புற்றுநோயின் பரவலும்

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியில் கைபேசிக் கோபுரம் வைக்க இடம் கொடுக்கலாமா என்று குடியிருப்போர் கூடிப் பேசியபோது, மூன்றாம் மாடி அண்ணாச்சி ஒருவர் எழுந்து, "செல் சிக்னல்தான் தோல் புற்றுநோயைப் பரப்புதுன்னு பேப்பர்லயே போட்டிருக்கான்" என்றார். அவர் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அப்படி ஒரு செய்தியை அவர் உண்மையாகவே படித்திருந்தார். ஆனால் அந்தச் செய்தியில் இருந்த செல், நம் உடல் எதனால் கட்டப்பட்டிருக்கிறதோ அந்தச் செல். சிக்னல் என்பது அந்தச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதிச் செய்தி. கோபுரத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இன்னொரு சொல்லும் இதே அளவு குழப்பம் செய்கிறது. பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே உறவினர் வீட்டில் தங்குவோர் பலர். அவர்களுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் எடுத்து வைக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். "புற்று பரவும்" என்று மருத்துவர் சொன்னதை வீட்டார் அம்மை பரவுவது போலப் புரிந்துகொள்கிறார்கள். மருத்துவர் சொல்வது ஒரே உடலுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதைத்தான். ஒரு தட்டில் சாப்பிடுவதாலோ தொடுவதாலோ தோல் புற்றுநோய் யாருக்கும் ஒட்டாது.

என் பெரியம்மாவின் குதிகாலில் வந்த கருந்திட்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே இந்த இரு சொற்களையும் கொண்டுவந்தது. அதன் பிறகு நான் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை, உயிரியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

திறப்பதும் மூடுவதும்

மும்பையில் எல்லா நேரமும் குழாயில் தண்ணீர் வருவதில்லை. பாட்சா போன்ற தொலைதூர ஏரிகளிலிருந்து வரும் நீர், பகுதிக்கு ஒரு நேரம் என்று பிரித்து விடப்படுகிறது. மாநகராட்சியின் சாவிக்காரர் நீண்ட இரும்புச் சாவியைத் தரைக்கடியில் இருக்கும் வால்வில் பொருத்தித் திருகினால் எங்கள் தெருவுக்கு நீர் வரும். நேரம் முடிந்ததும் எதிர்ப்பக்கம் திருகினால் நின்றுவிடும். திறக்கச் சொல்லும் ஆணை மேலே ஓர் அலுவலகத்தில் பிறந்து, பலர் கைமாறி அவரிடம் வந்து சேர்கிறது. நாம் திறப்பதை மட்டுமே கவனிக்கிறோம். மூடுவதும் அவர் வேலைதான். அவர் மூடாமல் போனால் ஒரு தெரு வெள்ளக்காடாகும், இன்னொரு தெரு வறண்டு கிடக்கும்.

நம் செல்களும் இப்படித்தான் நடத்தப்படுகின்றன. எப்போது பிரிந்து இரண்டாக வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும், எப்போது இடம் நகர வேண்டும், எப்போது இறந்துபோக வேண்டும் என்பவற்றைச் செல் தன்னிச்சையாக முடிவு செய்வதில்லை. விரலில் கத்தி பட்டு வெட்டுக்காயம் ஏற்பட்டால், சுற்றியுள்ள செல்களுக்குப் "பெருகு" என்ற ஆணை போகிறது. காயம் மூடியதும் "போதும்" என்ற ஆணை போகிறது. இப்படிச் செய்தி வந்து, உள்ளே கடத்தப்பட்டு, செயலாகி, பிறகு அடங்கும் இந்த முழு ஏற்பாட்டுக்குத்தான் செல் சமிக்ஞை என்று பெயர்.

அந்த ஆணை போகும் வழியைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். செல்லின் வெளிச்சவ்வில் பாதி உள்ளும் பாதி வெளியுமாகப் பதிந்திருக்கும் புரதத்தை ஏற்பி என்கிறோம். "பெருகு" என்ற செய்தியைச் சுமந்துவரும் சிறு புரதம் வளர்ச்சிக் காரணி எனப்படும். அது ஏற்பியின் வெளிப்பாதியில் வந்து பொருந்தியதும், உள்பாதி வடிவம் மாறி, அருகில் காத்திருக்கும் ராஸ் என்ற புரதத்தை எழுப்புகிறது. ராஸ் எழுப்புவது ராஃப் என்ற புரதத்தை. ராஃப் மெக் என்பதையும், மெக் எர்க் என்பதையும் எழுப்புகின்றன. எழுந்த எர்க், செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, பெருகுவதற்குத் தேவையான மரபணுக்களை இயங்கச் செய்கிறது.

ராஃபிலிருந்து கீழே எழுப்புவது என்பது பாஸ்பேட் என்ற சிறு வேதிக்கூறை அடுத்த புரதத்தின் மேல் ஒட்டுவது. ஒட்டினால் விழிக்கும், எடுத்துவிட்டால் உறங்கும். எடுத்துவிடுவதற்கென்றே தனி நொதிகள் செல்லுக்குள் இருக்கின்றன. இந்த ஒட்டலும் எடுத்தலும் உயிரின் அடிப்படைக் கட்டுப்பாடு என்று கண்டறிந்ததற்காகத்தான் எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுருங்கச் சொன்னால், செல்லுக்கு வெளியிலிருந்து ஆணை வருகிறது, அது கைமாறி உட்கருவை அடைகிறது, வேலை முடிந்ததும் ஒவ்வொரு கையும் அடங்கிவிடுகிறது. புற்றுநோயில் கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதி.

தோலுக்குள் யார் யார் இருக்கிறார்கள்

தோலின் மேலடுக்கு உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்டது. உள்ளங்காலில் அதைவிடப் பல மடங்கு தடித்திருக்கும். இந்த மேலடுக்கில் இரத்தக் குழாய்களே கிடையாது. அவை அதற்குக் கீழே உள்ள உள்தோலில்தான் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே புரதங்களால் நெய்யப்பட்ட மெல்லிய விரிப்பு ஒன்று இருக்கிறது. அதை அடிச்சவ்வு என்கிறோம். இந்த விரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் திருப்பம் அங்கேதான் நிகழ்கிறது.

மேலடுக்கின் பெரும்பான்மையான செல்கள் செங்கல் போல அடுக்கி நிற்பவை. அவற்றின் அடிவரிசையில், இடையிடையே, நட்சத்திரம் போலக் கிளை விரித்திருப்பவை நிறமிச் செல்கள். ஒவ்வொரு நிறமிச் செல்லும் தன் கிளைகளின் வழியே ஏறத்தாழ 36 அண்டைச் செல்களுக்கு மெலனின் என்ற கருநிறப் பொருளை வழங்குகிறது. கறுப்பாக இருப்பவருக்கும் வெளுப்பாக இருப்பவருக்கும் இந்த நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான்; அவை செய்து தரும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறு.

அண்டைச் செல்கள் நிறமிச் செல்லைப் பிடித்து வைத்திருக்கின்றன. பிடித்திருக்கும் கைக்கு ஈ-கேதெரின் என்று பெயர்; செல்லின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுப் புரதம் அது. அந்தப் பிடிப்பே ஒரு சமிக்ஞை: "இங்கேயே இரு, அளவோடு இரு."

தோல் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்வதில் பல வகைகள் உண்டு. அடிச்செல் புற்று பெரும்பாலும் இருந்த இடத்திலேயே மெல்ல வளரும், வேறிடத்துக்குப் போவது மிக அரிது. செதிள்செல் புற்று சில வேளைகளில் போகும். நிறமிச் செல்லில் தோன்றும் மெலனோமாவே எண்ணிக்கையில் குறைந்தும் பரவுவதில் முந்தியும் இருப்பது. ஏன் முந்துகிறது என்பதற்கு அந்தச் செல்லின் பிறப்பிலேயே ஒரு விடை இருக்கிறது. நாம் கருவில் இருந்தபோது நிறமிச் செல்கள் தோலில் பிறக்கவில்லை. முதுகுத்தண்டு உருவாகும் இடத்தருகே, நரம்பு முகடு எனப்படும் பகுதியில் பிறந்து, திசுக்களுக்கிடையே வெகுதூரம் நடந்து வந்துதான் தோலில் குடியேறின. ஊரைவிட்டு வந்து இங்கே நிலைத்துவிட்டவர்களுக்கு ஊருக்குப் போகும் பாதை மறப்பதில்லை. அதுபோல, நகர்வதற்கான மரபணுக்கள் அந்தச் செல்லுக்குள் அழியாமல் அடங்கிக் கிடக்கின்றன.

மூட முடியாத வால்வு

2002ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ராஃப் குடும்பத்தின் ஓர் உறுப்பினரான பி-ராஃப் என்ற புரதத்தின் மரபணுவைப் பல புற்றுக்கட்டிகளில் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். மெலனோமாக்களில் மிகப் பெரும்பங்கில் அந்த மரபணு மாறியிருந்தது. அதற்குப் பின் நடந்த ஆய்வுகள் ஏறத்தாழ பாதி மெலனோமாக்களில் இந்த மாற்றம் இருப்பதாகக் காட்டின. பெரும்பாலும் மாறியிருப்பது ஒரே இடம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளை மணிகள் போலக் கோத்த மாலை; 766 மணிகள் கோத்த அந்தப் புரதத்தில், 600ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஒரு மணி மாறியதால் பி-ராஃப் விழித்த நிலையிலேயே நின்றுபோகிறது. மேலே ஏற்பிக்கு எந்தச் செய்தியும் வராதபோதும் அது கீழே மெக்கை எழுப்பிக்கொண்டே இருக்கும். வேறு சில மெலனோமாக்களில் பி-ராஃப் சரியாக இருக்கும், ராஸ் கெட்டிருக்கும், விளைவு அதேதான்.

வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது, ஆகவே புற்றுநோய் வந்து பரவியது என்று இங்கேயே முடித்துவிடும் விளக்கங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். அது போதாது. ஏனென்றால், நம்மில் பலர் உடலில் இருக்கும் சாதாரண மச்சங்களிலும் இதே பி-ராஃப் மாற்றம் பெருமளவில் காணப்படுகிறது. அந்த மச்சம் சிறிது வளர்ந்து, பிறகு நின்று, ஐம்பது ஆண்டுகள் ஒரு தீங்கும் செய்யாமல் கன்னத்தில் இருந்துவிட்டுப் போகிறது. அளவுக்கு மீறிய ஆணையைக் கண்டதும் செல்லின் காவல் புரதங்கள் விழித்து, பெருகுவதையே நிறுத்திவிடுகின்றன. அந்தக் காவலும் கெட்டால்தான், உதாரணமாக பிடென் என்ற தடுப்புப் புரதம் காணாமல் போனால்தான், செல் கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கும். அப்போதும் அது மேலடுக்குக்குள் இருக்கும் வரை வேறெங்கும் போய்ச் சேர வழியில்லை.

இதுவரை பார்த்தது வளர்ச்சி. கெட்ட சமிக்ஞை, கெட்ட காவல் இரண்டும் சேர்ந்து ஒரு கட்டியை உண்டாக்கும். பரவல் அதற்கு மேல் ஒரு தனிச் செயல்.

வளர்வது வேறு, புறப்படுவது வேறு

புற்றுச்செல் பரவுவதைத் தண்ணீர் வழிவது போல நினைக்கிறோம். நிரம்பியதும் தானாக வழிந்துவிடும் என்று. செல் புறப்படுவதற்கு அதன் நடத்தை மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்விப்பதும் சமிக்ஞைகளே.

முதலில் பிடித்திருக்கும் கை விடுபடுகிறது. ஓயாத எர்க் சமிக்ஞையும், சுற்றுப்புறத்திலிருந்து வரும் வேறு சில சமிக்ஞைகளும் சேர்ந்து, நிறமிச் செல்லில் ஈ-கேதெரின் உற்பத்தியைக் குறைக்கின்றன. அதற்குப் பதிலாக என்-கேதெரின் என்ற வேறொரு கை முளைக்கிறது. இந்தக் கை மேலடுக்கின் அண்டைச் செல்களைப் பிடிக்காது. உள்தோலில் இருக்கும் செல்களைப் பிடிக்கும். நேற்றுவரை "இங்கேயே இரு" என்று சொன்ன அண்டை வீட்டார் சொல் இனி அதன் காதில் விழாது.

அடுத்து அடிச்சவ்வு. அதைக் கரைப்பதற்கான நொதிகளைச் செல் தானே சுரக்கிறது. சில வேளைகளில் அருகில் இருக்கும் நல்ல செல்களுக்குச் செய்தி அனுப்பி அவற்றையும் சுரக்க வைக்கிறது. பிறகு செல்லின் உட்கூடு மாற்றியமைக்கப்படுகிறது. ரோ என்ற புரதத்தின் வழியே போகும் சமிக்ஞை, செல்லை உருட்டிச் சுருக்கி, இண்டு இடுக்குகளில் பிதுங்கி நுழையச் செய்கிறது. கருவில் இருந்தபோது நடந்து பழகிய அதே கால்கள்தான் மறுபடி எழுகின்றன.

உள்தோலை அடைந்த செல்லுக்கு இப்போது இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நிணநீர் போய்ச் சேரும் கணுக்களை நாம் நன்றாகவே அறிவோம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த இடம்தான். கணுக்கள் வெளியிடும் சில புரதங்கள் வாசனை போல வேலை செய்கின்றன. அவற்றை உணரும் ஏற்பிகளைத் தன் மேல் முளைக்க வைத்துக்கொண்ட புற்றுச்செல் அந்தத் திசையில் இழுக்கப்படுகிறது. குழாய்க்குள் விழுந்த செல்களில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துபோகின்றன. எஞ்சிய சில, நுரையீரலிலோ கல்லீரலிலோ மூளையிலோ ஒதுங்கினாலும், அங்குள்ள செல்கள் தரும் சமிக்ஞை ஒத்துவந்தால்தான் வேர்விடும். இதை 1889லேயே ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விதையும் நிலமும் என்று விளக்கினார். விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும்.

இதில் என்னை மிகவும் வியக்க வைத்தது ஒன்று. நகரும் நிலையில் இருக்கும் மெலனோமாச் செல் அதிகமாகப் பெருகுவதில்லை. பெருகும் நிலையில் இருப்பது அதிகமாக நகர்வதில்லை. புதிய இடத்தில் குடியேறியதும் நகரும் செல்லே பெருகும் செல்லாகத் திரும்புகிறது. இப்படி நிலை மாறுவதற்குப் புதிதாக எந்த மரபணுவும் கெடத் தேவையில்லை, வரும் சமிக்ஞை மாறினாலே போதும். கட்டி வளர்ந்ததை மட்டும் அளந்து பரவலைக் கணிக்க முடியாமல் போவதற்கும், பரவலைத் தடுக்கச் சமிக்ஞையைத் தேடிப் போவதற்கும் காரணம் இதுதான்.

ஓர் எண்ணும் ஒரு பழைய அச்சமும்

என் பெரியம்மாவின் குதிகால் கருந்திட்டைக் கால் ஆணி என்று நினைத்து மாதக்கணக்கில் பிளாஸ்திரி ஒட்டினோம். ஆறவில்லை. சதைச் சோதனை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, "கத்தி வச்சா பரவிரும்டே" என்று சித்தப்பா தடுத்தார். நாங்களும் பயந்து தள்ளிப்போட்டோம். அந்த ஐந்து மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

மேலே சொன்னதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கை விடுபட வேண்டும், விரிப்பைக் கரைக்க வேண்டும், உருவம் மாற வேண்டும், வாசனை பிடிக்க வேண்டும், போன இடத்தில் வேர்விட வேண்டும். இவற்றில் எதையும் முறையாகச் செய்யப்படும் சதைச் சோதனையின் கத்தி சொல்லிக்கொடுப்பதில்லை. செல் அவற்றைக் கற்றுக்கொள்வதற்கு வேண்டியது காலம். சோதனையைத் தள்ளிப்போடும்போது நாம் கொடுப்பது அதைத்தான்.

சோதனை அறிக்கையில் பிரெஸ்லோ தடிமன் என்று ஒரு வரி இருந்தது: 2.3 மில்லிமீட்டர். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியல் மருத்துவர் 1970இல் முன்வைத்த அளவு அது. தோலின் மேல்பரப்பில் உள்ள உயிரற்ற அடுக்குக்குக் கீழிருந்து தொடங்கி, புற்றுச்செல் எட்டியிருக்கும் மிக ஆழமான இடம் வரை நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். அகலத்தைவிட ஆழத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது இப்போது விளங்கும். அகலமாகப் படர்ந்த திட்டு விரிப்பின் மேலேயே இருக்கலாம். ஆழமாக இறங்கியது குழாய்களின் பக்கத்தில் நிற்கிறது. ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால், நிணநீர் முதலில் போய்ச் சேரும் காவல் கணுவை எடுத்துச் சோதிப்பது வழக்கம். பெரியம்மாவுக்குத் திட்டைச் சுற்றி 2 சென்டிமீட்டர் நல்ல தோலும் சேர்த்து எடுத்து, தொடைத் தோலை அங்கே ஒட்டி, இடுக்கிலிருந்து அந்தக் கணுவையும் எடுத்தார்கள். கணுவில் புற்றுச்செல் இல்லை.

சமிக்ஞையை வழிமறிக்கும் மருந்துகள்

வால்வு எது என்று தெரிந்ததும் அதை அடைக்கும் மருந்து வந்தது. மாறிய பி-ராஃபை மட்டும் குறிவைக்கும் வெமுராஃபெனிப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடலெங்கும் பரவிய கட்டிகள் சில வாரங்களிலேயே சுருங்கின. ஆனால் பலருக்குச் சில மாதங்களில் அவை திரும்பி வந்தன. ஒரு வால்வை அடைத்தால் நீர் வேறு குழாய் தேடுவது போல, செல் வேறு புரதங்களின் வழியாக எர்க்கை மறுபடி எழுப்பிக்கொண்டது. அதனால் பி-ராஃப் தடுப்பானோடு மெக் தடுப்பானையும் சேர்த்துத் தரும் முறை 2014இல் அனுமதிக்கப்பட்டது. கட்டுப்பாடு நீடிக்கும் காலமும் கூடியது. பி-ராஃப் மாறாத செல்லில் இந்தத் தடுப்பான் எதிர்மாறாகச் சமிக்ஞையைக் கூட்டிவிடும் என்பதால், மரபணுச் சோதனை செய்யாமல் இந்த மாத்திரையைத் தருவதில்லை.

இன்னொரு வகை மருந்து வேறொரு உரையாடலைக் குறுக்கிடுகிறது. நம் நோயெதிர்ப்புச் செல்களில் பிடி-1 என்ற ஏற்பி உண்டு. அதைத் தொட்டால் அவை தாக்குவதை நிறுத்திவிடும். புற்றுச்செல் அதைத் தொட்டுத் தப்பித்துக்கொள்கிறது. அந்த ஏற்பியை மறைத்துவிட்டால் நோயெதிர்ப்புச் செல்கள் மறுபடி வேலை செய்கின்றன. பிடி-1 ஏற்பியைக் கண்டறிந்த ஜப்பானியர் தசுக்கு ஹோஞ்சோவுக்கும், இதுபோன்ற இன்னொரு தடையை விடுவித்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரவிய மெலனோமாவோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இன்று இருப்பது பெருமளவு இந்த மருந்துகளால்தான்.

நம் பாதத்தில் வருவது

மெலனோமா வெயிலால் வெள்ளைக்காரருக்கு வருவது என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பாதி உண்மை. வெளுத்த தோலில் சூரியனின் புற ஊதாக் கதிர் மரபணுவைச் சிதைப்பது பெரிய காரணம்தான். நம்மைப் போன்ற கருந்தோலினருக்கு இந்நோய் வருவது குறைவு. ஆனால் வரும்போது வெயில் அதிகம் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் தோன்றும் பங்கு அதிகம். பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தது, கால் விரல் நகத்தடியில் தொடங்கிய இந்த வகையால்தான். இவ்வகையில் பி-ராஃப் மாற்றம் குறைவாகவும், கிட் என்ற ஏற்பியின் மாற்றம் சிலரிடமும் காணப்படுகிறது; ஆகவே மேலே சொன்ன மாத்திரை எல்லோருக்கும் பொருந்தாது.

இவ்வகை தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுவதற்குப் பெயர்க் குழப்பமும் காரணம். குதிகாலில் வந்தால் கால் ஆணி என்கிறோம், நகத்தில் வந்தால் நகச்சுற்று என்கிறோம், இல்லையென்றால் எங்கோ இடித்துக்கொண்டதில் இரத்தம் கட்டியது என்கிறோம். இடித்ததால் வந்த கறுப்பு நகம் வளர வளர முன்னே நகர்ந்து வெளியேறிவிடும். நகராமல் நிலைத்து நிற்கும் கருங்கோடு, நாளடைவில் அகலும் கோடு, நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் கசியும் கறுப்பு ஆகியவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாதத்தில் புதிதாக வந்து, ஓரம் ஒழுங்கில்லாமல், நிறம் திட்டுத்திட்டாக மாறிக்கொண்டிருக்கும் எதையும் அப்படியே.

பெரியம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணெய் தேய்க்கும் முன் வாசற்படியில் உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, இரண்டு உள்ளங்கால்களையும் விரல் இடுக்குகளையும் பத்து நகங்களையும் பார்க்கிறார். பிறகு தொடை இடுக்கை விரலால் அழுத்தி, நெறி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கிறார்.